கூரை வெட்கப்பட்ட நாள்

மே 6

அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனவளுக்கு,

நான் நலம். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் என்ன எழுத வேண்டும் என்பதைப் பதினொன்றில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. நான் அங்கே போகவில்லை.

போன் செய்து செய்து விரல் தேய்ந்த பிறகு ஒரு தடவை எடுத்தாய். "போன்ல பேசினா நீங்க எப்படியாவது சிரிக்க வச்சிருவீங்க. சிரிச்சா என் கோவம் போயிரும். எதுன்னாலும் எழுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். திரைச்சீலைக் கடையில் சாக்பீஸால் துணியில் கோடு போடுகிற கை இது. எழுத்து வளைந்திருந்தால் பொறுத்துக்கொள்.

அன்று காலை நடந்தது எனக்கு மறக்கவில்லை. கட்டிலில் உன் பக்கம் சொட்டியது. எப்போதும் உன் பக்கம்தான் சொட்டும். என் பக்கம் பாலைவனம். அண்டா நிறைந்து வழிந்து, நீ நனைந்த தலையணையோடு எழுந்து உட்கார்ந்தாய். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஊரே குளிக்கத் தண்ணிக்கு வரிசையில நிக்குது, உனக்கு மட்டும் படுக்கைக்கே தேடி வருது பாரு" என்றேன். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே அழுதாய். வெயிலும் மழையும் சேர்ந்து அடிப்பது மாதிரி ஒரு முகம் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மதியம் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். நீயும் வாலுவும் இல்லை. பெட்டி இல்லை. அண்டாவும் இல்லை.

பெட்டி புரிகிறது. வாலுவுக்குப் பள்ளி விடுமுறை, உன் அக்கா வீடு, அதுவும் புரிகிறது. அண்டா எதற்கு?

அது இல்லாமல் நான் படும் பாட்டைக் கேள். குளிக்கிற வாளியைச் சொட்டுக்குக் கீழே வைத்தேன், காலையில் குளிக்க வாளி இல்லை. சோற்றுப் பானையை வைத்தேன், சோறு இல்லை. இப்போது நம் வீட்டு டம்ளர்களையெல்லாம் கட்டில் மேல் பரப்பி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதி. கச்சேரி பிரமாதம், கேட்கத்தான் ஆள் இல்லை.

வாலுவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
டம்ளர்களுக்கு நடுவில் நான்


மே 11

வாலுவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம்.

அண்டா எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ரயிலை விட்டு இறங்கும்போதே அக்காவும் அதைத்தான் கேட்டாள். "கோவிச்சுக்கிட்டு வர்றவ நகை நட்டை எடுத்துட்டு வருவா, நல்ல புடவையா நாலு எடுத்துட்டு வருவா. நீ என்னடி அண்டாவைத் தூக்கிட்டு வந்திருக்கே?" அவளுக்குச் சொல்ல அப்போது பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அது அங்கே இருக்கிறவரை நீங்கள் ஒன்றும் செய்ய மாட்டீர்கள். தண்ணீர் விழும், எடுத்துக் கொட்டுவீர்கள், திரும்ப வைப்பீர்கள். அந்த வீட்டில் உங்களுக்குப் பதிலாக அந்த அண்டாதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

நான் உங்களைக் கூரை மேல் ஏறச் சொல்லவில்லை. கீழ் வீட்டில் இருக்கிற ஓனரிடம் போய், சிரிக்காமல், ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். "சார், வீடு ஒழுகுது, சரி பண்ணிக் கொடுங்க." வருஷக்கணக்காகச் சொல்கிறேன். போகும்போது புகார் சொல்லப் போவீர்கள், வரும்போது அவர் சிரித்த கதையோடு வருவீர்கள்.

அக்கா வீட்டு மாமா தன் இரும்புக்கடையில் கணக்குப் பார்க்க ஆள் தேடுகிறார். என்னைக் கேட்டார். வாலுவுக்கு இங்கே பக்கத்துப் பள்ளியில் இடம் இருக்கிறதாம். பள்ளி திறக்கிறவரை பார்ப்பேன். அதற்குள் அந்தக் கூரை சரியாகவில்லை என்றால் அவளை இங்கேயே சேர்த்துவிடுவேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். களைத்துப்போய் எழுதுகிறேன்.

பொய் எழுதாதீர்கள். எனக்குத் தெரிந்துவிடும்.


மே 17

கணக்குப்பிள்ளை ஆகப்போகிறவளுக்கு,

கடிதம் கிடைத்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு கீழே போனேன். படிக்கட்டு முழுக்க ஒத்திகை. "சார், வீடு ஒழுகுது. சார், வீடு ஒழுகுது." கடைசிப் படியில் நின்று முகத்தைக்கூடக் கடுகடுவென்று செய்துகொண்டேன்.

கதவைத் திறந்ததும் ஓனர், "வாங்க மாஸ்டர்! சிரிச்சு ரெண்டு நாளாச்சு. ஏதாவது சொல்லுங்க" என்றார்.

நீயே சொல். மனைவி காலமான பிறகு அந்தப் பெரிய வீட்டில் ரேடியோவோடு பேசிக்கொண்டிருக்கிற மனிதர். நாற்காலியை இழுத்துப் போடுகிறார், டீ போட்டு எடுத்து வருகிறார், கண்ணை அகல விரித்துக்கொண்டு எதிரே உட்காருகிறார். என் வாய் தானாகத் திறந்தது. "சார், எங்க வீட்டுல மீன் வளர்க்கலாம்னு இருக்கோம். தண்ணிச் செலவு கிடையாது." விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கொத்தனாரை அனுப்புறேன் மாஸ்டர்" என்றார்.

கொத்தனார் வந்தார். வழக்கம்போல நம் படுக்கையறைக்கு நேர் மேலே, வழக்கமான இடத்தில், வழக்கமான தாரைப் பூசினார். மொட்டை மாடியில் அந்த இடம் மட்டும் ரோடு மாதிரி இருக்கிறது. இன்னும் இரண்டு தடவை பூசினால் பஸ் விடலாம். "இனிமே ஒரு சொட்டு எறங்குனா என் பேரை மாத்திக்கிறேன்" என்றார். போன வருஷமும் அதைத்தான் சொன்னார், அதற்கு முந்தின வருஷமும். அவருக்கு இப்போது என்ன பேர் என்று தெரியவில்லை.

அடுத்த மழையில் சொட்டியது.

சரி, எனக்குத் தெரிந்த வேலையில் இறங்குவோம் என்று, கடையில் திரைகளுக்கு உள்துணி வெட்டி மிச்சம் விழுந்த வெள்ளைத் துண்டுகளை முதலாளியைக் கேட்டு மூட்டையாக அள்ளி வந்தேன். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, அறை அளவுக்கு ஒரு விரிப்புத் தைத்து, நாலு மூலையிலும் கயிறு கட்டி, கூரைக்குக் கீழே தொங்கவிட்டேன். தண்ணீர் நடுவில் சேரும், அங்கிருந்து ஒரு குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே போகும். திட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

காலமெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்தவனுக்கு ஒன்றுதான் தோன்றவில்லை. ஊசி போன இடமெல்லாம் தண்ணீரும் போகும். துணியில் ஓட்டை போடுவதற்குத்தானே எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்! முன்பு ஓர் இடத்தில் சொட்டியது, இப்போது அறை முழுக்கத் தூறல். என் பக்கமும் நனைந்துவிட்டது. கட்டிலில் நம் இருவருக்கும் இனி சம உரிமை.

இப்படிக்கு,
இரண்டு பக்கமும் நனைந்த நான்


மே 19

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். கொத்தனாருக்கு என்ன பேர் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அதனால் இன்னும் கோபமாக எழுதுகிறேன்.

சொல்லச் சொன்னது ஒரு வாக்கியம். சொன்னது மீன் கதை. அவர் ஒரு நாள் சிரிக்காமல் இருந்தால் உங்களுக்கு என்ன ஆகிவிடும்? எல்லாரும் உங்களை நல்ல மனுஷன் என்கிறார்கள். கடை முதலாளி சொல்கிறார், ஓனர் சொல்கிறார், பால்காரர் சொல்கிறார். நல்ல மனுஷனின் பெண்டாட்டிதான் நனைந்துகொண்டிருக்கிறாள்.

இங்கே எல்லாம் காய்ந்திருக்கிறது. தரை, சுவர், துணிமணி எல்லாம். மாமா தினமும் ஒரு தடவை துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டி, "கேட்டியா? பாறை!" என்கிறார். எனக்காகத் தட்டுகிறாரா தனக்காகத் தட்டிக்கொள்கிறாரா தெரியவில்லை.

ஒன்று சொல்கிறேன், இதைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை. மதியம் கண் மூடினால் மூலையில் இருக்கிற அண்டாவில் ஒரு சொட்டு விழுகிறது. டங். கண் திறந்தால் அது காலியாக, காய்ந்துபோய், என்னைப் பார்த்தபடி இருக்கிறது. மறுபடி மூடினால் டங். இந்த வீட்டின் சத்தமில்லாத மதியத்தில் நான் எங்கே படுத்திருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோகிறது. நேற்று வாலு அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். என்னடி என்றேன். "உள்ள பேசினா அப்பா குரல் மாதிரியே வருதும்மா" என்றாள்.

பள்ளியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பெரிய மைதானம். அவளுக்குப் பிடித்திருக்கிறது.


மே 23

காய்ந்த வீட்டில் தூங்காதவளுக்கு,

இரண்டாவது விரிப்பைக் கட்டிவிட்டேன். இதில் ஒட்டு இல்லை, தையல் இல்லை. குளியலறைத் திரைக்கென்று ஒரு வெள்ளைத் துணி வரும், பார்த்திருப்பாய். தண்ணீர் ஊறாது, வெளிச்சம் ஊறும். ஒரு ஹோட்டலுக்குத் தைக்கும்போது அளவு தப்பாக வெட்டிவிட்டேன். முதலாளி, "இதை என்ன பண்றது, நீயே தலையில சுத்திக்க" என்று கொடுத்துவிட்டார். என் தப்புகளில் வீட்டுக்கு உபயோகப்பட்ட முதல் தப்பு இதுதான். நடுவில் ஒரே ஓட்டை, அதில் ரப்பர் குழாய். குழாயை முடிச்சுப் போட்டு வைத்து, நிறைந்ததும் அவிழ்த்து ஜன்னல் வழியாக விடுகிறேன்.

நீ கோபத்தில் இருக்கிறாய், இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன். காலை வெயில் ஜன்னலுக்குள் வரும்போது அந்தத் துணியின் வயிறு முழுக்க வெளிச்சம் நிரம்புகிறது. ஒரு சொட்டு விழுந்தால் ஒரு வட்டம். அந்த வட்டத்தின் நிழல் விரிந்து, சுவரில் ஏறி, அலமாரியில் வாலு ஒட்டி வைத்த மீன் படத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. மீன் அப்போது கொஞ்சம் அசைகிறது. நான் கட்டிலில் உன் பக்கம் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு குளத்தின் அடியில் படுத்திருப்பது போல இருக்கிறது.

நேற்று அப்படியே கண் அயர்ந்துவிட்டேன். கனவில் நீ அண்டாவுக்குள் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டு எனக்கு மேலே போகிறாய். வாலு முன்னால் உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டு அளைகிறாள். அவளுடைய விரல்கள்கூடத் தெரிகின்றன. நான் அடியிலிருந்து கூப்பிடுகிறேன். வாயிலிருந்து குமிழிதான் வருகிறது. அண்டாவின் அடிப்பாகம் சூரியனை மறைத்துக்கொண்டு மெதுவாகக் கடந்து போகிறது. விழித்தபோது கடைக்கு நேரமாகிவிட்டது. ஏன் தாமதம் என்றார் முதலாளி. "தண்ணிக்கு அடியில இருந்தேன் சார்" என்றேன். சிரித்தார். பார், மறுபடியும்.

ஒரு விஷயம்தான் புரியவில்லை. இந்த வாரம் மழையே இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் காலையில் வட்டம் விழுகிறது. கொத்தனாரைத் தெருவில் பிடித்துக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "அது பழைய தண்ணி" என்றார்.

ஓனரிடம் இன்னும் சொல்லவில்லை. பொய் எழுதாதே என்றாய், அதனால் எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் மாடியில் தன் செம்பருத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் வாயைத் திறந்தேன். அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பதற்குத் தோதாக முகத்தை வைத்துக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இப்படிக்கு,
குளத்தடியில் நான்


மே 27

வாலுவின் அப்பாவுக்கு,

இதை உடனே எழுதாவிட்டால் மறுபடி மறந்துவிடுவேன்.

இன்று மதியம் அரைத் தூக்கத்தில் அண்டாவில் சொட்டு விழுந்தது. எப்போதும் விழுவதுதான். ஆனால் இன்று அது ரோஸ் நிறமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது கனவு இல்லை. உண்மையிலேயே ஒரு நாள் அப்படி விழுந்தது. போன மழைக்காலத்தில், ஞாபகம் இருக்கிறதா? காலையில் பார்த்தால் அண்டாத் தண்ணீர் ரோஸ் நிறம். வாலு, "அம்மா, மந்திரத் தண்ணி!" என்று குதித்தாள். நீங்கள் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்ல. உங்கம்மா புதுப் புடவை கட்டியிருக்காள்ல, அதைப் பார்த்துக் கூரைக்கு வெட்கம் வந்திருச்சு" என்றீர்கள். மூன்று பேரும் சிரித்தோம். அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டோம்.

ஏன் ரோஸ் என்று நாம் யாருமே கேட்கவில்லை.

அதற்கு முந்தின நாள், கடையிலிருந்து நீங்கள் கொண்டுவந்த சிவப்புத் திரைத்துணியைத் துவைத்தேன். சாயம் போய்க்கொண்டே இருந்தது. பிழிய முடியாத கனம். சொட்டச் சொட்ட மாடியில் காயப்போட்டேன். எங்கே தெரியுமா? நம் அறைக்கு மேலே இல்லை, அங்கே தார் ஒட்டும். அந்தக் கோடியில், படிக்கட்டுக்கு அந்தப் பக்கம், ஓனர் சிமெண்டில் கட்டிய பூத்தொட்டிக்கு மேலே போகிற கொடியில். இங்கே கண்ணை மூடினால் அந்தத் துணி தெரிகிறது. காற்றில் உப்பி உப்பி அடங்குகிறது. செம்பருத்தி இலை மேல் சிவப்பாகச் சொட்டுகிறது. இலையிலிருந்து மண்ணுக்கு. மண்ணிலிருந்து எங்கேயோ.

அந்தத் தொட்டி எங்கே, நம் கட்டில் எங்கே. ஆனால் தண்ணீர் நடந்து வந்திருக்கிறது.

மழை இல்லாத நாளிலும் சொட்டுகிறது என்கிறீர்கள். அந்தத் தொட்டியில் தினமும் சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவது யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கூரைக்கு வெட்கம் என்றது நல்ல ஜோக்தான். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அதுதான் என் கஷ்டம்.


மே 31

ரோஸ் தண்ணீரை ஞாபகம் வைத்திருந்தவளுக்கு,

உன் கடிதத்தை மிஷின் மேல் வைத்துப் படித்தேன். கால் அப்படியே பெடலில் நின்றுவிட்டது.

அந்தச் சிவப்புத் துணியின் மிச்சம் கடையில் இன்னும் சுருண்டு கிடந்தது. சாயம் போகிற துணியை யார் வாங்குவார்கள்? ஒரு துண்டு வெட்டி வந்து வாளியில் ஊறவைத்தேன். முதலில் கொத்தனாரின் தார் ரோட்டில் ஊற்றினேன். சிவப்பு அங்கேயே குட்டையாக நின்று வெயிலில் காய்ந்துபோனது. கீழே வந்து பார்த்தால் விரிப்பு வெள்ளையாகவே இருக்கிறது. மறுநாள் ஓனர் வெளியே போன நேரம் பார்த்து அவருடைய பூத்தொட்டியில் ஊற்றினேன். திருடன் மாதிரி ஊற்றினேன். செம்பருத்திகள் என்னையே பார்த்தன.

இன்று காலை கண் விழித்தபோது அறை முழுக்க ரோஸ். விடிகிற நிறம் என்று நினைத்துச் சும்மா படுத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, விரிப்பின் வயிற்றில், வெள்ளைக்கு நடுவில், பூ ஒன்று மெதுவாக விரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் ஓர் இதழ். சுவர், தலையணை, என் கை, வாலுவின் மீன், எல்லாம் அந்த நிறத்தில் மிதந்தன. நம் வீடு என்றைக்கும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. எவ்வளவு நேரம் கிடந்தேனோ. சட்டென்று உறைத்தது, நான் மறுபடியும் ஒழுகுவதை ரசித்துக்கொண்டிருக்கிறேன்.

லுங்கியோடு கீழே இறங்கினேன். ஒத்திகை இல்லை.

"வாங்க மாஸ்டர்" என்று ஆரம்பித்தார் ஓனர்.

"சார், எங்க வீடு ஒழுகறது உங்க பூத்தொட்டியாலதான். அதை இடிச்சுத் தரையைச் சரி பண்ணணும்."

சிரித்தார். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நன்றாகவே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல சார். அவ்வளவுதான்."

இன்னும் கொஞ்சம் சிரித்தார், ஏதோ மிச்சம் இருக்கிறது என்று காத்திருப்பவர் மாதிரி. பிறகு அந்தச் சிரிப்புக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. முகத்திலேயே நின்றது. பார்க்க முடியவில்லை. "ஒரு நிமிஷம் மேல வாங்க சார்" என்றேன்.

இத்தனை வருஷத்தில் நம் படுக்கையறைக்குள் அவர் வந்ததே இல்லை. நான்தான் எப்போதும் கீழே போய்விடுவேனே. வாசலில் தயங்கினார். கட்டிலில் உன் பக்கம் அவரைப் படுக்கச் சொன்னேன். "எதுக்கு மாஸ்டர்?" என்றார். "ஒரு சொட்டு விழற வரைக்கும் சார். மேல தெரியறது நேத்து உங்க தொட்டியில நான் ஊத்தின சாயம்." செருப்பைக் கழற்றிவிட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் படுப்பவர் மாதிரி படுத்தார். ரோஸ் வெளிச்சம் அவர் நரைமுடியில் விழுந்தது. இரண்டு பேரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு. வட்டம் சுவரில் ஏறி, மீனைத் தொட்டுத் திரும்பியது.

"இதுக்குக் கீழயா தங்கச்சி படுத்திருந்துச்சு?"

"ஆமா சார். இந்தத் துணி இப்பக் கட்டினது. அப்ப இதுவும் இல்ல."

"எத்தனை நாளா?"

"மூணு மழைக்காலமா."

"இவ்வளவுன்னு என்கிட்ட ஏன் மாஸ்டர் சொல்லல?"

"சொன்னேன் சார். சிரிச்சீங்க."

"தார் பூசினதோட சரியாயிடுச்சு, மிச்சமெல்லாம் நீங்க கதை கட்டுறீங்கன்னு நினைச்சேன்" என்றார். எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார். படி இறங்கிப் போனார். கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ரேடியோ சத்தம் இன்று இல்லை.

நீ சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். வீட்டைக் காலி பண்ணச் சொல்வாரோ என்னவோ.

இப்படிக்கு,
நான்


ஜூன் 3

வாலுவின் அப்பாவுக்கு,

அவர் சிரிக்காமல் இறங்கிப் போனார் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அந்தத் தொட்டி அவரும் அவர் மனைவியும் சேர்ந்து வைத்ததா, அவர் மட்டும் வைத்ததா, அதுகூட நமக்குத் தெரியாது. தனி மனுஷர். அவர் சாப்பிட்டாரா என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே. பார்க்கவில்லை என்றால் இன்றைக்காவது பாருங்கள். ஆனால் பரிதாபப்பட்டு "பரவாயில்ல சார், இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் வாய்க்குள் அந்த வார்த்தை எப்போதும் தயாராக இருக்கும்.

தொட்டியை எடுத்த பிறகு ஒரு மழை பெய்யட்டும். என்ன ஆகிறது என்று எழுதுங்கள். அதுவரை எதுவும் சொல்ல மாட்டேன். பள்ளியில் வியாழக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

'இப்படிக்கு, நான்' என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். உடம்பு சரியில்லையா?


ஜூன் 8

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே ஓனர் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார். செடிகளைக் கொத்தனாரைத் தொடவிடவில்லை. தானே கீழே உட்கார்ந்து கையால் மண்ணைத் தள்ளி ஒவ்வொன்றாக எடுத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தேன். தொட்டியை உடைத்ததும் அடியில் தரை பிளந்திருந்தது தெரிந்தது. பிளவுக்குள் வேர் இறங்கியிருந்தது. அந்த வேரைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீர் நடக்கப் பழகியிருக்கிறது. கொத்தனார் எட்டிப் பார்த்து, "இதைத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்றார். எனக்கு ஒரு ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பிளவை அடைத்து, ஓடு பதித்து முடித்தாகிவிட்டது. செடிகள் பழைய பெயிண்ட் டப்பாக்களில் சாய்ந்து நிற்கின்றன, ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. பெரிய செம்பருத்தியைப் பார்த்து ஓனர், "இவ்வளவு வேருக்கு இந்த டப்பா பத்தாது மாஸ்டர்" என்றார். அது ஒன்றுதான் பேசினார். நீ சொன்னபடி சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். சாப்பிட்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார். ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

இன்று காலையிலிருந்து மழை. ஓயாத மழை. கடைக்குப் போகவில்லை. விரிப்பை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டேன். அது இருந்தால் அதை நம்பிக்கொண்டு இருப்பேன். கட்டிலில் உன் பக்கம் படுத்து, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக்கொண்டேன். மாடியில் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. கண்ணை மூடினால் வீடே மிதந்து எங்கேயோ போவது போல இருந்தது. மதியம்வரை அப்படியே கிடந்தேன். கை காய்ந்திருந்தது.

ஒழுகவில்லை.

எழுத வேறொன்றும் இல்லை. வா.


ஜூன் 10

வாலுவின் அப்பாவுக்கு,

"வா" என்று முடித்திருக்கிறீர்கள். பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். டம்ளர் இருக்கிறது, மீன் இருக்கிறது, குமிழி இருக்கிறது. அந்த வார்த்தை எதிலும் இல்லை.

பள்ளியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வாலு மைதானத்துக்கு டாட்டா காட்டிவிட்டு வந்தாள். மாமா கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வார். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. போகிற நாள்வரை கூரையைத் தட்டிக் காட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். கிளம்பும்போது போன் செய்வேன். பேசலாம், பரவாயில்லை.

அண்டாவும் வருகிறது. அதை மாமாவிடம் கொடுத்து அடியில் ஓட்டை போடச் சொன்னேன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல அண்டாடி, கோவத்துல தூக்கிட்டு வந்தே, சரி. இப்ப எந்தக் கோவத்துல இதை ஓட்டையாக்குறே?" என்றாள். மாமா கடையிலிருந்து துளை போடுகிற மிஷினை எடுத்து வந்து, அளந்து அளந்து, ஒன்றுக்குப் பல ஓட்டையாகவே போட்டார். தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு பொட்டு நிக்காது. கேரண்டி" என்றார். வாலு உள்ளே தலையை விட்டுப் பேசிப் பார்த்தாள். உங்கள் குரல் இப்போது வரவில்லையாம். நேரிலேயே கேட்டுக்கொள்கிறாளாம்.

ஓனரிடம் அதைக் கொடுங்கள். பெரிய செம்பருத்தியின் வேருக்குப் பத்தும். கொடுக்கும்போது ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்க வையுங்கள். இனி நீங்கள் சிரிக்க வைக்கலாம்.

இனிமேல் ஒழுகினால் பிடிப்பதற்கு நம் வீட்டில் எதுவும் இல்லை. தெரிந்துதான் ஓட்டை போடச் சொன்னேன்.

இப்படிக்கு,
கட்டிலில் அந்தப் பக்கத்துக்காரி